திருவோணத்துக்கு எதிர்க்கரையில்

ஆவணி வளர்பிறையில் ஒருநாள், இரவு ஒன்பது மணி வாக்கில் மொட்டைமாடியில் பாய் விரித்து மல்லாந்து படுங்கள். மேகம் விலகியிருக்க வேண்டும், அவ்வளவுதான். திருநெல்வேலியிலோ தூத்துக்குடியிலோ இருந்தால், ஏறக்குறைய நேர் உச்சியில் ஒரு வெள்ளை நட்சத்திரம் தெரியும். அதன் இரு பக்கமும் மங்கலாக ஒவ்வொன்று. மூன்றும் கிட்டத்தட்ட ஒரே கோட்டில் இருக்கும். அதுதான் திருவோணம். அர்ச்சனைச் சீட்டில் எழுதுகிறோம், பஞ்சாங்கத்தில் பார்க்கிறோம். அண்ணாந்து பார்த்து ‘அதோ’ என்று விரல் நீட்டத் தெரிந்தவர்கள் நம்மில் குறைவு. பழைய நிகண்டுகள் இதை முக்கோல் என்கின்றன. இரவுதோறும் பார்த்துப் பழகிய கண் வைத்த பெயர் அது. நடுவில் மின்னுவதை வானியலார் ஆல்டேர் என்கிறார்கள்.

இனி வடக்கே, சற்று மேற்குத் தள்ளிப் பாருங்கள். கையை நீட்டி அளந்தால் ஒன்றரைச் சாணுக்குச் சற்று மேல். ஆல்டேரைவிடப் பிரகாசமாக, நீலம் கலந்த வெண்மையில் ஒன்று நிற்கும். அது வேகா. நம் மரபில் அபிஜித். நட்சத்திரங்களை 28 என்று எண்ணிய காலத்தில் உத்திராடத்துக்கும் திருவோணத்துக்கும் நடுவில் இதற்கு இடம் இருந்தது. பின்னாளில் கணக்கு 27 ஆனபோது விடுபட்டுவிட்டது. நண்பகலை ஒட்டி வரும் அபிஜித் முகூர்த்தத்தில் அந்தப் பெயர் இன்னும் தங்கியிருக்கிறது.

ஊர் வெளிச்சம் எட்டாத இடமென்றால், இந்த இரண்டுக்கும் நடுவே தெற்கிலிருந்து வடகிழக்காக ஒரு வெண்புகை ஓடுவது தெரியும். நாம் அதைப் பால்வீதி என்கிறோம், ஆகாய கங்கை என்றும் சொல்கிறோம். சீனர்களுக்கும் அது ஆறுதான், வெள்ளி ஆறு. அந்த ஆற்றின் இரு கரையிலும் நிற்கும் இந்த இருவரும் அவர்களுக்குக் கணவன் மனைவி.

வேகா, நெசவுக்காரி. வானுலக அரசரின் மகள். மேகங்களைத் தறியில் ஏற்றி நெய்பவள். ஆல்டேர், மாடு மேய்ப்பவன். அவர்கள் ஆண்டுக்கு ஒரே ஒரு இரவு, ஏழாம் மாதத்தின் ஏழாம் நாள், சந்திக்கிறார்கள். ‘சீ-ஷி’ என்று அந்த நாளுக்குப் பெயர், ஏழின் மாலை என்று பொருள். சீன நிலா மாதக் கணக்கில் வருவதால் நம் நாட்காட்டியில் தேதி மாறிக்கொண்டே இருக்கும். 2025இல் ஆகஸ்ட் 29ஆம் தேதி வந்தது, அதற்குச் சரியாக ஒரு வாரம் கழித்து ஓணம். இப்போது சீனக் கடைவீதிகளில் அது காதலர் தினம்: ரோஜாவும் சாக்லேட்டும் விற்கும் நாள். ஆனால் அந்த நாளுக்குள் இருக்கும் பழைய சங்கதி ரோஜாவைவிட வெகு அழகானது என்று நான் நினைக்கிறேன். அதைச் சொல்லத்தான் இவ்வளவு முன்னுரை.

கதை பலவிதமாகச் சொல்லப்படுகிறது. ஒரு வடிவத்தில், மணமான மகிழ்ச்சியில் அவள் தறியை மறந்தாள், அவன் மாட்டை மறந்தான். சினம் கொண்ட அரசர் இருவரையும் ஆற்றுக்கு அக்கரையும் இக்கரையுமாகப் பிரித்தார். இன்னொன்றில், மண்ணுலகுக்கு வந்து குடும்பம் நடத்திய நெசவுக்காரியை வானுலகத்தார் திரும்ப அழைத்துப் போகிறார்கள். அவன் இரண்டு பிள்ளைகளையும் கூடைகளில் உட்காரவைத்து, காவடியாகத் தோளில் சுமந்து, இறந்த மாட்டின் தோலைப் போர்த்திக்கொண்டு வானத்தில் ஏறி ஓடுகிறான். அவன் நெருங்கும்போது மேற்கின் தாயரசி கொண்டை ஊசியை உருவி ஒரு கோடு கிழிக்கிறாள். கோடு ஆறாகிவிடுகிறது. அவன் அக்கரையிலேயே நின்றுவிடுகிறான்.

மறுபடி திருவோணத்தைப் பாருங்கள். நடுவில் தகப்பன். இருபுறமும் மங்கலாக நிற்கும் இரண்டும் கூடையில் உள்ள பிள்ளைகள். நமக்கு மூன்று கோலாகத் தெரிந்த அதே மூன்று புள்ளிகள், அங்கே ஒரு தகப்பனின் தோள் சுமையாகத் தெரிந்திருக்கின்றன.

இந்தக் கதை எப்போது காதல் கதையானது? சீனத்தின் மிகப் பழைய பாடல் தொகுப்பான ஷிஜிங், 2500 ஆண்டுகளுக்கு முற்பட்டது. நெசவுக்காரியும் மாடும் வான்மீன்களாக அதில் வருகிறார்கள். பெயருக்கேற்ற வேலையை அவை செய்யவில்லையே என்ற குறையும் வருகிறது. இருவருக்கும் உறவு என்று ஒரு சொல்கூட இல்லை. பிறகு 1975இல் ஹூபெய் மாகாணத்தின் யுன்மெங்கில் ஒரு கல்லறையைத் தோண்டினார்கள். கி.மு. 217 அளவில் புதைக்கப்பட்ட ஒரு சின் அரசு அதிகாரியுடையது. அவர் உடலைச் சுற்றி ஆயிரத்துக்கும் மேற்பட்ட மூங்கில் பட்டைகள். சட்டங்களோடு, நல்ல நாள் கெட்ட நாள் பார்க்கும் ஏடும் அதில் இருந்தது. நம் பஞ்சாங்கம் போல. மாடு மேய்ப்பவன் நெசவுக்காரியை மணந்த நாள் என்று அது குறிப்பிடும் நாட்கள், பெண்ணெடுக்க ஆகாத நாட்கள்! மணந்தால் நிலைக்காது என்று எச்சரிக்கிறது. அவர்கள் கணவன் மனைவி என்பதற்குக் கிடைத்திருக்கும் மிகப் பழைய சான்றுகளில் ஒன்று, அவர்களைப் போல் ஆகிவிடாதீர்கள் என்ற அறிவுரையாக வந்திருக்கிறது.

அப்படியானால் ஏழாம் மாலையில் மக்கள் எதைக் கொண்டாடினார்கள்? கைத்திறனை. இந்த நாளின் இன்னொரு பழைய பெயருக்கே ‘திறமை வேண்டுதல்’ என்றுதான் பொருள். 6ஆம் நூற்றாண்டில் சோங் லின் என்பவர் எழுதிய ஊர்வழக்க நூல் அந்த இரவைக் கண்முன் நிறுத்துகிறது. பெண்கள் முற்றத்தில் பழங்களைப் படைத்து, வண்ண நூலை ஏழு துளையுள்ள ஊசியில் கோக்கிறார்கள். படைத்த பழத்தின்மேல் சிலந்தி வலை பின்னினால், கேட்ட வரம் கிடைத்துவிட்டது என்று பொருள்.

ஊசியில் நூல் கோப்பதில் என்ன பெரிய சாதனை என்று தோன்றலாம். அன்றைய விளக்கு எது என்று பாருங்கள். ஏழாம் நாள் நிலா பாதி வட்டம். பாதி வட்டமென்றால் முழுநிலவின் ஒளியில் பாதி இருக்குமென்று நாம் நினைக்கிறோம். உண்மையில் பத்தில் ஒரு பங்கு அளவுதான் இருக்கும். பௌர்ணமியன்று சூரிய ஒளி நிலவின்மேல் நேராக விழுந்து நம் பக்கமே திரும்புகிறது. குன்றுகளின் நிழலும் தூசித் துகள்களின் நிழலும் அவற்றுக்குப் பின்னாலேயே ஒளிந்துகொள்கின்றன. அரை நிலவில் ஒளி சாய்வாக விழும். ஒவ்வொரு மேடும் ஒவ்வொரு துகளும் தன் நிழலை நமக்குக் காட்டிக்கொண்டு நிற்கும். அதனால் அவ்வளவு மங்கல். அந்த வெளிச்சத்தில், காற்றில் ஆடும் பட்டு நூலை ஏழு துளையில் நுழைப்பதற்குக் கண் மட்டும் போதாது. விரல் நுனிக்கு வழி தெரிந்திருக்க வேண்டும்.

மிங் அரசர் காலத்து பீஜிங்கில் இது பகலுக்கு மாறியது. கிண்ணத்தில் தண்ணீரை வெயிலில் வைத்துவிடுவார்கள். நேரம் போகப்போக நீரின் மேல் மெல்லிய படலம் படரும். நண்பகலில் பெண்கள் அதன்மேல் ஊசியை மெல்லக் கிடத்துவார்கள். ஊசி மிதக்கும். பிறகு ஊசியை விட்டுவிட்டு, கிண்ணத்தின் அடியில் விழும் நிழலைப் பார்ப்பார்கள். நிழல் மேகம்போல, பூப்போல, கத்தரிக்கோல்போல விரிந்தால் திறமை கைகூடியது. உலக்கைபோலத் தடித்தோ, நூல்போல இழுபட்டோ, மெழுகுவத்திபோல விறைத்தோ விழுந்தால் கை இன்னும் திருந்தவில்லை.

இதை நான் செய்து பார்த்தேன். எவர்சில்வர் கிண்ணம், தையல் ஊசி ஒன்று, வாசல் வெயில். முதல் நான்கு முறை ஊசி நேராக அடியில் போய்விட்டது. ஐந்தாம் முறை ஒரு துண்டு மெல்லிய காகிதத்தை நீரில் மிதக்கவிட்டு, அதன்மேல் ஊசியை வைத்தேன். காகிதம் ஊறி அடியில் இறங்கியது. ஊசி மேலேயே நின்றுவிட்டது. தண்ணீரைப்போல ஏறக்குறைய எட்டு மடங்கு அடர்த்தி எஃகுக்கு. ஆர்க்கிமிடீஸ் சொன்ன மிதப்பு விதிப்படி அது மூழ்கியே ஆக வேண்டும். அதைத் தாங்குவது பரப்பு இழுவிசை. நீர் மூலக்கூறுகள் ஒன்றையொன்று பற்றியிழுப்பதால் மேற்பரப்பு இழுத்துக் கட்டிய துணிபோல நடந்துகொள்கிறது. உற்றுப் பார்த்தால் ஊசி கிடக்கும் இடத்தில் அந்தத் துணி குழிந்திருப்பது தெரிகிறது. குளத்தில் நீர்ப்பூச்சி கால் ஊன்றும் இடமும் இப்படித்தான் குழியும்.

அடியில் விழுந்த நிழல்தான் என்னை அசரவைத்தது. ஊசி மெல்லியது, நிழலோ அதைவிடப் பலமடங்கு அகலம். ஓரத்தில் வெள்ளிச் சரிகைபோல ஒளிக்கோடு வேறு. குழிந்த நீர்ப்பரப்பு ஒரு வில்லையாகி, மேலே விழும் வெயிலை வெளிப்பக்கமாக வளைத்துத் தள்ளுகிறது. ஊசிக்குக் கீழே இருள் விரிகிறது, தள்ளப்பட்ட ஒளியெல்லாம் விளிம்பில் சேர்கிறது. லேசாக ஊதினேன். நிழல் நெளிந்து, பிரிந்து, இலைபோலக் குவிந்தது. நீரில் படிந்த தூசியும், காற்றும், ஊசி கிடத்திய கோணமும் சேர்ந்து ஒவ்வொருத்திக்கும் ஒவ்வொரு நிழலைக் கொடுத்திருக்கும். சோதிக்கப்பட்டது என்னவோ நடுங்காமல் ஊசியைக் கிடத்தும் கைதான்.

ஆக, இந்த நாளில் கேட்ட வரம் நல்ல கணவன் என்பதோடு நிற்கவில்லை. பல ஊர்களில் அதிலிருந்து தொடங்கவும் இல்லை. அன்றைய சீனத்தில் உழவும் நெசவும் குடும்பத்தின் இரண்டு கைகள். அவன் மாட்டோடு, அவள் தறியோடு. அந்த இரண்டு வேலைகளையும் வானத்தில் ஏற்றி வைத்தார்கள். காதல் அந்த வேலையின் ஊடாகப் பின்னர் வளர்ந்தது. பாவுக்கு நடுவே ஊடை போல.

இதற்கு மிக உறுதியான சாட்சி, மணமே வேண்டாமென்றவர்கள். குவாங்டாங் மாகாணத்தின் ஷுண்டே பகுதியில் 19ஆம் நூற்றாண்டில் பட்டு நூற்பு ஆலைகள் பெருகின. கொதிநீரில் கூட்டை அமிழ்த்தி, நூல் நுனி பிடித்துச் சுற்றும் வேலையில் இளம் பெண்கள் சொந்தமாகச் சம்பாதித்தார்கள். அவர்களில் பலர், மணமகள் போடும் கொண்டையைத் தங்கள் கையாலேயே சீவி முடிந்துகொண்டு, வாழ்நாள் முழுதும் மணப்பதில்லை என்று சபதம் எடுத்தார்கள். ஏழாம் மாலை வந்தால் அதிகச் செலவும் சிரத்தையுமாகக் கொண்டாடியவர்களில் இவர்களும் உண்டு. எள்ளாலும் அரிசியாலும் நுணுக்கமான பொம்மைகள் செய்து, நகக்கண் அளவு செருப்புகள் தைத்து, நெசவுக்காரிக்கும் அவளுடைய ஆறு சகோதரிகளுக்கும் படைத்தார்கள். அங்கிருந்து சிங்கப்பூருக்கு வீட்டுவேலைக்குப் போன பெண்களும் சைனாடவுனில் இதைத் தொடர்ந்தார்கள். நம்மவர்கள் பலரும் அதே தெருக்களில் அதை வேடிக்கை பார்த்திருப்பார்கள். கணவனில்லாத அந்தப் பெண்கள் நெசவுக்காரியிடம் கேட்டது, தன் கையால் தான் வாழும் வரம்.

காதலின் பக்கத்தையும் சொல்ல வேண்டும். ஹான் காலத்துக் கவிதையில் இருவரின் ஏக்கமும் குரல் பெற்றுவிட்டது. 806இல் பாய் ஜூயி எழுதிய நெடும்பாடலில் தாங் பேரரசர் ஷுவான்சோங்கும் அவர் காதலி யாங் குய்ஃபெயும் ஏழாம் மாலை நள்ளிரவில் பிரியோம் என்று உறுதி செய்துகொள்கிறார்கள். அந்தப் பாடலின் புகழோடு இந்த நாளும் காதலர் நாளாக மனங்களில் பதிந்தது.

ஆற்றைக் கடக்கப் பாலம் வேண்டுமே. கதையில் மேக்பை பறவைகள் பாலமாகின்றன. காக்கை இனம், கறுப்பும் வெள்ளையும், நீண்ட வால். நம் வால்காக்கைக்கு உறவு. அந்த இரவு உலகத்து மேக்பைகளெல்லாம் வானேறி, தலையோடு தலை சேர்த்து நிற்க, நெசவுக்காரி நடந்து போகிறாள். சீனக் கிராமத்தார் இதற்குச் சான்றும் காட்டினார்கள்: ஏழாம் மாலைக்குப் பிறகு மேக்பைகளின் தலை மொட்டையாக இருக்கிறது, மிதிபட்ட தடம் அது! கோடை முடியும்போது இந்தப் பறவைகள் பழைய இறகை உதிர்த்துப் புதியது வளர்க்கின்றன. தலையிறகு ஒரே சமயத்தில் கொட்டிப்போனால் சில நாட்கள் மொட்டைதான். அவர்கள் கண் தவறாகப் பார்க்கவில்லை. காரணத்தை மட்டும் வானத்தில் தேடிக்கொண்டார்கள். பாலம் அமையும் இடத்தைப் பாருங்கள்: ஆற்றின் நடுவில் டெனெப் என்ற நட்சத்திரம் இருக்கும் பகுதிக்குச் சீன வானியலில் தியென்ஜின், அதாவது வானத்துத் துறை என்று பெயர். ஆற்றைக் கடக்கும் துறை.

1610இல் கலிலியோ தொலைநோக்கியைத் திருப்பி, அந்த ஆறு எண்ணற்ற நட்சத்திரங்களின் திரள் என்று காட்டினார். ஆற்றைத் தாண்டும் தூரம் தெரிய இன்னும் இரு நூற்றாண்டுகள் ஆயின. பூமி சூரியனைச் சுற்றும்போது அருகிலுள்ள நட்சத்திரம் கொஞ்சம் இடம் பெயர்ந்ததுபோலத் தெரியும். ஒரு கண்ணை மூடி மறு கண்ணைத் திறந்தால் நீட்டிய விரல் நகர்வதுபோல. 1837இல் ஸ்ட்ரூவ என்ற வானியலார், இன்றைய எஸ்தோனியாவின் டார்ட்டு நகரிலிருந்து, வேகாவின் அந்த நகர்வை அளந்து வெளியிட்டார். நட்சத்திரத் தூரத்தை மனிதன் அளந்த முதல் முயற்சிகளில் ஒன்று அது. இன்றைய மதிப்புக்கு வெகு அருகில் வந்தது.

வேகா 25 ஒளியாண்டு தொலைவில். ஆல்டேர் சுமார் 17. நாம் ஒரே நேரத்தில் பார்க்கும் இருவரில் அவள் முகம் 25 ஆண்டுக்கு முந்தையது, அவன் முகம் 17 ஆண்டுக்கு முந்தையது. இருவருக்கும் இடையே சுமார் 15 ஒளியாண்டு. ஓர் ஒளியாண்டு என்பது 9.46 லட்சம் கோடி கிலோமீட்டர். ‘சாப்பிட்டாயா?’ என்று அவன் ஒளியை அனுப்பிக் கேட்டால், ‘ஆச்சு’ என்ற பதில் வந்து சேர 30 ஆண்டு. கதைகட்டியவர்களுக்கு இந்தக் கணக்கு தெரியாது. ஆனாலும் அவர்கள் பிரிவைத் தூரமாகச் சொல்லவில்லை, காலமாகச் சொன்னார்கள். ஆண்டுக்கு ஒரு இரவு என்று. அது என்னை ஒவ்வொரு முறையும் நிறுத்திவிடுகிறது.

இருவருமே சுழல்பவர்கள். நம் சூரியன் தன்னைச் சுற்ற 25 நாள் ஆகிறது. ஆல்டேருக்கு எட்டு மணி நேரம் அளவே. அந்த வேகத்தில் இடுப்புப் பெருத்துத் தட்டையாகிவிட்டது. 2007இல் ஆல்டேரின் உருவத்தைப் படமாக்கினார்கள். சூரியனைப் போன்ற நடுவயதுப் பருவத்து நட்சத்திரங்களில், சூரியனுக்கு அடுத்து முகம் தெரிந்தது மாடு மேய்ப்பவனுக்குத்தான். வேகாவும் ஒரு நாளுக்குள் சுழன்றுவிடுகிறாள், ஆனால் நாம் அவளைத் துருவத்தின் நேர்மேலிருந்து பார்ப்பதால் தட்டை தெரிவதில்லை. சுழலும் ராட்டையை நேரே எதிரில் நின்று பார்ப்பதுபோல. 1983இல் ஐராஸ் விண்கலம் அவளைச் சுற்றித் தூசி வளையம் இருப்பதைக் கண்டது. 2024இல் ஜேம்ஸ் வெப் தொலைநோக்கி வெளியிட்ட படத்தில் அந்த வளையம் பிசிறில்லாமல், நெய்து விரித்த துணிபோல வழவழவென்று கிடந்தது.

நெசவுக்காரி சீனத்தில் மட்டும் தங்கவில்லை. கொரியாவில் அன்று பெய்யும் மழை அவர்களின் கண்ணீர். ஜப்பானில் இந்த நாளுக்குத் தனபாதா என்று பெயர். வண்ணக் காகிதத் துண்டில் வேண்டுதலை எழுதி மூங்கில் கிளையில் கட்டுகிறார்கள். 1873இல் ஜப்பான் மேலை நாட்காட்டிக்கு மாறியபோது தனபாதா ஜூலை 7க்கு வந்து விழுந்தது. அது மழைக்காலம். காதலர்கள் சந்திக்கும் இரவில் வானமே தெரிவதில்லை, நிலாவும் எந்த வடிவிலும் இருக்கும். செண்டாய் நகரம் ஒரு மாதம் தள்ளி ஆகஸ்டில் கொண்டாடுகிறது. 2001 முதல் ஜப்பான் தேசிய வானியல் ஆய்வகம் பழைய நிலாக் கணக்கின்படி தனபாதா எந்த நாள் என்று ஆண்டுதோறும் அறிவித்து, விளக்கை அணைத்து வானத்தைப் பாருங்கள் என்று கேட்டுக்கொள்கிறது. அன்று அரை நிலா முன்னிரவில் இருக்கும். அதன் வெளிச்சத்தில் ஆறு வற்றியதுபோல மங்கித் தெரியும். நிலா மறைந்த பிறகு கரைபுரண்டு வரும். கடக்க ஏற்ற நேரம் எது என்று முன்னோர் பார்த்து வைத்ததுபோலவே எனக்குத் தோன்றுகிறது.

மேக்பைப் பாலம் இப்போது உண்மையிலேயே வானில் இருக்கிறது. நிலவின் மறுபக்கம் பூமியை ஒருநாளும் பார்ப்பதில்லை. அங்கே இறங்கும் கலத்தோடு நேராகப் பேச வழியில்லை. அதற்காக 2018 மே மாதம் சீனா ஓர் அஞ்சல் செயற்கைக்கோளை அனுப்பி, நிலவுக்கு அப்பால் சுமார் 65,000 கிலோமீட்டரில், இரு பக்கமும் தெரியும்படி நிறுத்தியது. பெயர் ச்சுவேசியாவ். மேக்பைப் பாலம் என்று பொருள். 2019 ஜனவரி 3ஆம் தேதி சாங்ஙே-4 கலம் மறுபக்கத்தில் இறங்கி எடுத்த முதல் படம் அந்தப் பாலத்தின் வழியாக வந்தது. கலத்தின் உள்ளே ஒரு சிறு உலோக உருளையில் மண்ணும் நீரும் சில விதைகளும் வைத்திருந்தார்கள். உருளைக்கிழங்கு இருந்தது, கடுகினச் செடிகள் இருந்தன. சில நாளில் அங்கே இரவு கவிந்தது, குளிர் எல்லாவற்றையும் முடித்துவிட்டது. அதற்கு முன்னரே பாலத்தைக் கடந்து ஒரு படம் பூமிக்கு வந்துசேர்ந்திருந்தது. அதில் ஒரு விதை மட்டும் முளைவிட்டிருந்தது. பருத்தி.